7 மாதம், 31 பதிவு, ஒரு நாளைக்கு 6 பேர்: எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

மைக்கறை:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுப் பேனாக்களைப் பற்றி ஒரு வலைப்பூ ஆரம்பித்து 7 மாதம் ஆகிறது. பழைய பேனாக்கள், அவற்றின் வரலாறு, மைகள், நானே பிரித்துச் சரிசெய்தவை, இப்படி. இதுவரை 31 பதிவுகள். நாளைக்குச் சராசரியாக 6 பேர் வருகிறார்கள். அதில் ஒருவன் என் தம்பி என்று நினைக்கிறேன், அவனும் இப்போதெல்லாம் வருவதில்லையோ என்று சந்தேகம், கேட்க வெட்கமாக இருக்கிறது.

காலையில் கண் விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் போனை எடுத்துப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்கிறேன். 4 என்று இருக்கும். பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன், அதே 4. பக்கத்தை விரலால் கீழே இழுத்தால் ஒரு வட்டம் சுற்றும் இல்லையா, அது சுற்றுகிற அந்த ஒரு விநாடிக்காகத்தான் இழுக்கிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று 140 என்று காட்டியது, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன், அத்தனையும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே பக்கத்துக்கு, சில நிமிடங்களுக்குள். ஏதோ பாட் (ஆள் இல்லாமல் தானாகப் பக்கங்களைத் திறக்கிற நிரல்) வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. சொன்னதை நான் திருத்தவில்லை. 140 பேர் படித்ததாகத்தான் வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அதிகமாக உழைத்த பதிவு ‘நீலத்தின் ஞாபகங்கள்’. 1884-இல் லூயிஸ் வாட்டர்மன் மை சீராக இறங்கும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியது, அதைச் சுற்றிச் சொல்லப்படுகிற மை கொட்டிய கதையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, என்று நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். 9 பார்வைகள். அடுத்த பதிவு பாதியில் நிற்கிறது. மூன்று வாரமாக டிராஃப்டைத் திறப்பதும் கடைசி வரியைப் படிப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

‘பலனை எதிர்பார்க்காமல் எழுதுங்கள்’ என்று சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும், எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன், வேலை செய்யவில்லை. முதல் ஒன்றரை வருடத்தை உண்மையில் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், போதும்.

பின்வரிசை:

11 வருடமாகத் தையல் பற்றி ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் பாதியை நானே எழுதியிருக்கலாம், பாட் கதை உட்பட.

நீங்கள் தினமும் இழுத்து இழுத்துப் பார்க்கிற அந்த எண் உங்கள் எழுத்தைப் பற்றி இப்போதைக்கு எதுவுமே சொல்லாது. அதில் பாட் இருக்கிறது, முன்னோட்டம் பார்க்க நீங்களே திறந்தது இருக்கிறது, தவறி வந்து 2 விநாடியில் ஓடியவர்கள் இருக்கிறார்கள். சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிற கூகுளின் இலவசக் கருவி) உங்கள் தளத்தைச் சேர்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சேருங்கள், சைட்மேப்பையும் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். சேர்த்திருந்தால் அதைத் திறந்து இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: 31 பதிவுகளில் எத்தனை கூகுளின் தேடல் அட்டவணையில் ஏறியிருக்கின்றன, எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் தலைகாட்டுகிறது. புதுத் தளங்களில் ஒரு பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் இன்னும் அட்டவணையில் சேர்த்திருக்காது, ‘தெரியும், அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்திருக்கும். எனக்கு முதல் வருடத்தில் 8 பதிவுகள் அப்படிக் கிடந்தன, நான் என்னடாவென்றால் யாருக்கும் பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். அட்டவணையிலேயே இல்லாத பக்கத்தைத் தேடுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அப்புறம் காலக்கணக்கு. தளத்தில் செய்கிற மாற்றம் தேடலில் தெரியச் சில மணி நேரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. என் அனுபவத்தில் ‘பல மாதம்’தான். மூன்றாவது மாதம் ‘ஜிப் ஓடாமல் நடுவில் சிக்கினால்’ என்று ஒன்று எழுதினேன், ஒரு மத்தியானம், அரை மணி நேரம், கிறுக்கலான படங்கள். ஒரு வருடம் அதை ஒருவரும் தொடவில்லை. பதினைந்தாவது மாதம் நாளைக்கு 2 பேர், 3 பேர் என்று வர ஆரம்பித்தார்கள், இன்றும் வருகிறார்கள். பதிவுக்கு நாளைக்கு 1 ஆள் என்றால் கேவலமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி 60 பதிவுகள் இருந்தால் மாதத்துக்கு 1,800 பேர், அதுவும் நீங்கள் தூங்கும்போது. செய்தி போல எழுதினால் அன்றைக்கே வாடும், ஜிப் எப்போதும் சிக்கும்.

நான் அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். புள்ளிவிவரப் பக்கத்தின் பாஸ்வேர்டை 20 எழுத்துக்கு மாற்றி, ஒரு தாளில் எழுதி, நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் அலமாரி மேல்தட்டில் வைத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் ஏறுவது. முதல் மாதம் நடுவிலேயே இரண்டு தடவை ஏறினேன், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் மாதம் சனிக்கிழமை மறந்தே போயிற்று.

கணக்குப்பிள்ளை:

ஒரு சின்ன கணக்கு மட்டும், மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சராசரி 6 என்கிறீர்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஆட்கள் தற்செயலாக வந்து போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் (புவாசான் பரவல் என்று பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருப்பீர்கள்) நூறு நாளில் 96 நாள் எண்ணிக்கை 2-க்கும் 11-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். எதுவுமே மாறாமல்! நேற்று 10, இன்று 3 என்றால் நேற்று ஏதோ நல்லது நடந்தது, இன்று ஏதோ கெட்டுவிட்டது என்று மனசு உடனே ஒரு கதை கட்டும். ஒன்றும் நடக்கவில்லை. தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்து அன்றைய மனநிலையை முடிவு செய்வது போலத்தான் இது.

‘நேற்றைவிட 50% கூடியிருக்கிறது’ என்று டேஷ்போர்டு பச்சை அம்பு காட்டும், பார்த்தால் 4 பேர் 6 ஆகியிருப்பார்கள். பச்சை அம்பு, சிவப்பு அம்பு இரண்டையும் நம்பாதீர்கள். மூன்று மாதத்தை முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள், அதற்குக் கீழே எதை ஒப்பிட்டாலும் வெறும் தற்செயல் ஏற்ற இறக்கம்தான்.

கறார்:

யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிரச்சினை ஊக்கம் இல்லை. ‘நீலத்தின் ஞாபகங்கள்’ என்று தலைப்பு வைத்தால் அது பேனாவா, கடலா, கவிதைத் தொகுப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை யார் தேடுவார்கள்? எழுதி முடித்ததும் யாரிடமாவது சொன்னீர்களா? பேனாப் பிரியர்கள் கூடுகிற குழுக்கள் ஏராளம் இருக்கின்றன, அங்கே போயிருக்கிறீர்களா? நீங்கள் இங்கே எழுதியிருக்கிற அத்தனை வரியிலும் பதிவைப் போட்டேன், எண்ணைப் பார்த்தேன், பதிவைப் போட்டேன், எண்ணைப் பார்த்தேன், அவ்வளவுதான் இருக்கிறது. நடுவில் ஒரு மனிதர்கூட இல்லை, தம்பியைத் தவிர.

குழுக்களில் போய் இணைப்பை வீசிவிட்டு ஓடி வருவதைச் சொல்லவில்லை, அப்படிச் செய்தால் துரத்திவிடுவார்கள், துரத்தவும் வேண்டும். ஒரு மாதம் அங்கே கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள், வலைப்பூவின் பெயரையே எடுக்காமல். எந்தக் கேள்வி மூன்றாம் முறை வருகிறதோ அதை வீட்டுக்கு வந்து பதிவாக எழுதுங்கள். நாலாம் முறை வரும்போது இணைப்பைக் கொடுங்கள், நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள்.

மைக்கறை:

@கறார், கோபமில்லை, கொஞ்சம் வலித்தது. குழுக்களில் இருக்கிறேன், படிப்பேன், எழுதியதில்லை. அங்கே இருப்பவர்கள் 30 வருடமாகப் பேனா சேர்க்கிறவர்கள், நான் என்ன சொல்ல என்று.

@பின்வரிசை, ஆரம்பித்த வாரம் யாரோ சொன்னார்கள் என்று சர்ச் கன்சோலில் சேர்த்தேன், அப்புறம் திறக்கவே இல்லை. ராத்திரி பார்க்கிறேன்.

அரைத்தூக்கம்:

அந்த வட்டம் சுற்றுகிற விநாடியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். எப்போதும் பலன் கிடைத்தால் சலித்துவிடும், எப்போதும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம், எப்போதாவது கிடைத்தால்தான் விடவே முடியாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலியையும் புறாவையும் வைத்து இதைத்தான் காட்டினார். உங்கள் 140 இருக்கிறதே, அது பாட் ஆகவே இருந்தாலும் வேலையைக் காட்டிவிட்டது, அதற்கப்புறம்தான் காலையில் முகம் கழுவாமல் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு, 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்தது. தாங்களாகவே ஆசையாகப் படம் வரைகிற சின்னக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் ஒரு சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து சான்றிதழ் பேச்சே இல்லாமல் விட்டுப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. நாம் குழந்தைகள் இல்லை, எண்ணும் சான்றிதழ் இல்லை, அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் நான் கவிதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் லைக் வர ஆரம்பித்த பிறகுதான் லைக் வராத நாளில் எழுத வராமல் போயிற்று. அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க யாருமே படிக்காமல் எழுதியிருக்கிறேன், சந்தோஷமாக.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், எழுதுகிற நேரத்தை வேறு ஏதாவது அன்றாட வேலையின் வாலில் கட்டிவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள், தினமும் ஒரு குறிப்பிட்ட வேளையில் ஒரு சின்ன விஷயத்தைச் செய்யச் சொல்லி. அது யோசிக்காமலே நடக்கிற பழக்கமாக நடுத்தரமாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று வந்தது. எனக்கு அதில் ஆறுதலான பகுதி, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதுதான். நான் ஒரு நாள் விட்டால் ‘போச்சு, சங்கிலி அறுந்தது’ என்று ஒரு மாதம் விடுகிற ஜாதி. இப்போது இரவு பாத்திரம் கழுவிக் கை துடைத்த உடனே 20 நிமிடம். நன்றாக எழுத வேண்டும் என்ற விதி கிடையாது, உட்கார வேண்டும் என்பது மட்டும்.

இரண்டு_தடவை_மூடியவன்:

பெயரிலேயே இருக்கிறது. இரண்டு வலைப்பூ மூடினேன், மூன்றாவது 5 வருடமாக ஓடுகிறது.

நிறுத்துவது தோல்வி இல்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன். முதலாவதை மூடியது சரியான முடிவு, எனக்கு அந்த விஷயத்திலேயே ஆர்வம் போய்விட்டது, எழுதவேண்டுமே என்று எழுதினேன், படித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டாவதை மூடியது முட்டாள்தனம். தினமும் ராத்திரி நிறுத்தலாமா வேண்டாமா என்று எனக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கும், எழுதுவதைவிட அந்த வழக்குதான் அதிகம் களைப்பாக்கியது, ஒரு நாள் களைப்பில் தீர்ப்பு சொல்லிவிட்டேன். டொமைனை (தளத்தின் முகவரி) புதுப்பிக்காமல் விட்டேன், பதிவுகளுக்குக் காப்பு நகல் எடுத்து வைக்கவும் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல். பழைய ரேடியோப் பெட்டியில் வால்யூம் திருகும்போது கரகரவென்று சத்தம் வருவதைச் சரிசெய்வது பற்றி நான் எழுதியிருந்த பதிவை ஒருவர் புக்மார்க் செய்து வைத்திருந்தாராம், பாதி வேலையில் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் பக்கம் இல்லை, என்ன ஆயிற்று, எங்காவது மாற்றிவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். ஒரு கமெண்ட்கூடப் போட்டதில்லை அவர். என் புள்ளிவிவரத்தில் அவர் 1 என்று எங்கோ இருந்திருப்பார், நான் அந்த 1-ஐப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பேன். நினைவில் இருந்ததை அவருக்கு மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்பினேன். அந்த மின்னஞ்சல்தான் மூன்றாவது வலைப்பூவின் முதல் பதிவு.

அதனால் என் வழி: தினமும் முடிவெடுக்காதீர்கள். தேதி குறியுங்கள். இன்னும் 12 பதிவு, அல்லது இன்னும் 6 மாதம். அதுவரை நிறுத்தலாமா என்ற கேள்விக்கே அனுமதி இல்லை. அந்தத் தேதியில் உட்கார்ந்து யோசித்து நிறுத்துவதானால் நிறுத்துங்கள், ஆனால் பக்கங்களை அழிக்காதீர்கள். இப்போதே ஒரு காப்பு எடுத்து வையுங்கள், இன்றைக்கே, இதைப் படித்து முடித்தவுடனே.

மைக்கறை:

காப்பு எடுத்துவிட்டேன். சர்ச் கன்சோலும் பார்த்தேன். நிலவரம் இது.

31-இல் 22 பதிவுகள்தான் அட்டவணையில் இருக்கின்றன. ‘நீலத்தின் ஞாபகங்கள்’ இல்லவே இல்லை! அதன் 9 பார்வையும் நானும் தம்பியும் நான் அனுப்பி வைத்த நாலு பேரும்தான் போல. மொத்தம் 41 கிளிக் என்று மேலே காட்டுகிறது, ஆனால் கீழே பட்டியலில் உள்ள தேடல்களைக் கூட்டினால் 13-தான் வருகிறது, மீதி எங்கே போயிற்று என்று புரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பட்டியலில் முதலில் இருப்பது வரலாறும் இல்லை, நான் படம் படமாகப் போட்ட மை ஒப்பீடும் இல்லை. ‘பேனாவில் மை காய்ந்துவிட்டால் என்ன செய்வது’. 212 முறை காட்டியிருக்கிறது, 3 கிளிக், சராசரி இடம் 34. எந்தப் பக்கம் என்று பார்த்தால் ஒரு பழைய பேனாவைப் பற்றிய கட்டுரை, அதில் எட்டாவது பத்தியில் போகிற போக்கில் ‘மூன்று நாள் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, கறுப்பாக இறங்குவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக 212 தடவை என்னைத் தூக்கிக் காட்டியிருக்கிறது, 34-வது இடத்தில், அதாவது நாலாவது பக்கத்தில். 3 பேர் நாலாவது பக்கம் வரைக்கும் வந்து தேடியிருக்கிறார்கள்! எவ்வளவு நொந்து போயிருந்தால் வருவார்கள். வந்து, ஏழு பத்தி வரலாறு படித்துவிட்டு, ஒரு வரி கிடைத்து... பாவம்.

பின்வரிசை:

அந்த 28 எங்கே போயிற்று என்றால், மிகக் குறைவான பேர் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகப் பட்டியலில் காட்டமாட்டார்கள், மொத்தத்தில் மட்டும் சேர்ப்பார்கள். சின்னத் தளங்களில் பெரும்பகுதி அப்படித்தான் மறைந்திருக்கும். கன்சோலில் 16 மாதத்துக்குத்தான் தரவு இருக்கும், வேண்டுமானால் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது பக்கம் வரைக்கும் வந்த அந்த 3 பேருக்கு ஒரு பதிவு எழுதுங்கள். தலைப்பும் அவர்கள் கேட்ட கேள்வியேதான், அலங்காரம் வேண்டாம். முதல் பத்தியிலேயே பதில். கீழே ‘இந்தப் பேனாவின் கதை’ என்று பழைய கட்டுரைக்கு ஓர் இணைப்பு. அட்டவணையில் ஏறாத 9 பதிவுகளுக்கும் ஏறியவற்றிலிருந்து இணைப்பு கொடுங்கள், எந்தப் பக்கத்திலிருந்தும் வழியில்லாத பக்கங்கள்தான் பெரும்பாலும் அப்படிக் கிடக்கும்.

மைக்கறை:

எழுதலாம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. தேடுகிறவர்கள் கேட்பதை மட்டும் எழுதினால் நான் கையேடு எழுதுகிறவன் ஆகிவிடமாட்டேனா? எனக்குப் பிடித்தது அந்த எட்டாவது பத்தி இல்லை, மற்ற ஏழு பத்திகள்.

கறார்:

யார் மட்டும் எழுதச் சொன்னார்கள்? இரண்டு கையேடு, ஒரு கதை. பேனா எழுதாதவன்தான் வருவான், எழுத ஆரம்பித்ததும் அவனுக்கே அந்தப் பேனா மேல் ஒரு பாசம் வரும், அப்போது உங்கள் ஏழு பத்தியைப் படிப்பான். எல்லாரும் படிக்கமாட்டார்கள், பத்தில் ஒருவன். இப்போது 0.

அப்புறம் அந்த 30 வருடச் சேகரிப்பாளர்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்களே, அவர்கள் யாரும் காய்ந்த பேனாவைப் பற்றி எழுதமாட்டார்கள், அது அவர்களுக்குக் கேள்வியாகவே தோன்றாது. நீங்கள் போன வருடம்தான் அதில் மாட்டி விழித்தீர்கள். அது உங்களுக்கு லாபம்.

அரைத்தூக்கம்:

இதில் @கறார் சொல்வதோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. யாருமே தேடாத ஒன்றை எழுதவும் ஒரு இடம் வேண்டும், எல்லாவற்றையும் கேள்வி-பதிலாக மாற்றினால் ஆறு மாதத்தில் வேறு விதமான சலிப்பு வரும், எனக்கு வந்தது. மாதம் ஒன்றாவது எண்ணையே பார்க்கக்கூடாத பதிவு என்று ஒதுக்கிவையுங்கள். ‘நீலத்தின் ஞாபகங்கள்’ தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. போய்ப் படித்தும்விட்டேன், எண்ணிக்கை 10.

புதியவர்_77:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், வலைப்பூ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தலைப்பில் 31 பதிவு என்று இருந்ததைப் பார்த்து உள்ளே வந்தேன். ஊற்றுப் பேனா என்று படித்ததும் கேட்கத் தோன்றியது. தாத்தாவின் பேனா ஒன்று வீட்டில் கிடக்கிறது. மூடி திறக்கவே மாட்டேன் என்கிறது, இடுக்கி வைத்துத் திருகிப் பார்க்கலாமா? பக்கவாட்டில் சின்ன நெம்பு மாதிரி ஒரு உலோகத் துண்டு இருக்கிறது, அதுவும் அசையவில்லை.

மைக்கறை:

இடுக்கி வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. நெம்பையும் அழுத்தாதீர்கள். உள்ளே ரப்பர் பை இருக்கும், இத்தனை வருடத்தில் கல்லாக இறுகியிருக்கும், அழுத்தினால் நெம்பு உடையும் அல்லது பேனா உடம்பே விரியும். மூடி திறக்காமல் இருப்பது பெரும்பாலும் மரையில் மை காய்ந்து பிடித்திருப்பதால்தான், அதற்கு வழி இருக்கிறது, ஆனால் பேனா எதனால் ஆனது என்று தெரியாமல் தண்ணீரில் போடக்கூடாது. என்ன நிறம்? மூடிக்கு அடியில் மறைந்திருந்த இடமும் வெளியே தெரியும் இடமும் ஒரே நிறமாக இருக்குமா என்று பார்க்க முடியாதுதான், மூடி திறக்கவில்லையே... சரி, கிளிப்பைச் சுற்றி, அதன் நிழல் விழுகிற இடத்தில் பாருங்கள்.

புதியவர்_77:

கறுப்பு என்றுதான் நினைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்பும் பச்சையும் கலந்த மாதிரி இருக்கிறது. கிளிப்புக்கு அடியில் மட்டும் நல்ல கறுப்பு.

மைக்கறை:

அப்படியானால் அது அநேகமாக எபோனைட், இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுத்தான் அப்படிப் பழுப்பாகும். தண்ணீரில் முக்கினால் இன்னும் மோசமாக நிறம் போகும், வெந்நீர் பட்டால் வளையவும் செய்யும். ஒன்றுமே செய்யாமல் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். முழுக்க நனைக்காமல் மரை இருக்கிற ஓரத்தை மட்டும் எப்படி இளக்குவது என்று எனக்குத் தெரிந்த முறை ஒன்று இருக்கிறது, என் பேனா ஒன்றில் செய்திருக்கிறேன், படங்களும் எங்கோ இருக்கின்றன. இங்கே எழுதினால் நீண்டுவிடும். அந்தப் பாதி டிராஃப்டை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு இன்று ராத்திரி இதை எழுதுகிறேன், முடித்ததும் இணைப்பு போடுகிறேன்.

நெம்பும் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்ப முடியுமா?